ரமணி பேரில் எடுத்த ஜெட் ஸ்கி

லங்காவிக் கடற்கரையில், சவுக்கு மரத்தடியில் பாயை விரித்து ரமணி புளிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. ஒரு கையால் டப்பா மூடியைச் சோற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அள்ளித் தட்டுகளில் வைத்தாள். நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, பொரித்த அப்பளம். வீட்டிலிருந்து தூக்கி வந்த ரைஸ் குக்கரிலும் மின்னடுப்பிலும், விடுதி அறையின் மூலையில் குந்தி உட்கார்ந்து, விடியுமுன்னே அவளும் ஓரகத்தி மாலாவும் சமைத்தவை. ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி வந்த பிறகும் அடுப்படி அந்த இரண்டு பெண்களை விடவில்லை.

அவள் புருஷன் திவாகரும், அவனுடைய அண்ணன் காளிதாசனும் ஐஸ் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார்கள். காலைப் பசியாறும் நேரம்தான். ஆனால் நாற்காலிக்கடியில் நசுங்கிய பீர் டின்கள் அதற்குள் குவிந்துவிட்டன.

"மாமா, தட்ட வாங்கிக்குங்க."

"சோறு எங்கயும் ஓடிடாதுலா ரமணி. இப்பத்தான் சுதி ஏறுது."

"வெறும் வயித்துல குடிச்சா வயிறு என்னாத்துக்கு ஆகும்?"

"இந்த வயித்த பாரும்மா. இதுக்கு ஏதாச்சும் ஆகுற மாதிரியா தெரியுது?" காளிதாசன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். திவாகர் சிரித்தான். காளிதாசனின் மனைவி மாலாவும் சிரித்தாள். புருஷன் சிரித்தால் தானும் சிரித்துவைத்துவிட வேண்டும் என்று பழகிப்போன சிரிப்பு அது.

காளிதாசன் கோலா கெத்தில் டவுனில் டயர் கடை வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். திவாகர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். குடிக்காத நாளில் நல்ல மனிதன்தான். மகளுக்கு முடி பின்னிவிடக்கூடத் தெரியும். ஆனால் குடிக்காத நாள்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தன. ரமணி சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை.

கண்ணுகளா, லங்காவிக்குப் போகிற நம் வீட்டு ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தீவில் மதுவுக்கு வரி இல்லை. ஊருக்குக் கொண்டுபோகவும் ஆளுக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. குடிக்கிறவர்களின் அளவு குடிக்கிறவர்களுக்கே போதுவதில்லை. அதனால் வீட்டுப் பெண்களின் பேரிலும் ஆளுக்கொரு போத்தல் வாங்கிவிடுவார்கள். வாயில் ஒரு சொட்டுப் படாத பெண்கள் அதைத் துண்டில் சுற்றித் தங்கள் பைக்குள் வைத்துச் சுமந்து வருவார்கள். முதல் நாளே காளிதாசன் கடையில் அதை முடித்துவிட்டார். "இது மாலா பேர்ல, இது ரமணி பேர்ல" என்று ஆளுக்கொன்றைக் கையில் திணித்தார். கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் ரமணியைப் பார்த்து, 'அக்கா குடிப்பீங்களா' என்பது போலச் சிரித்தாள். ரமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பையைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டாள். கூச்சத்தைக் கோபமாக்கத் தெரியாத காலம் அது.

"அம்மா! அங்க பாருங்க, அங்க பாருங்க!"

மகள் லோஷினி ஓடிவந்தாள். பதின்மூன்று வயது, படிவம் ஒன்றில் படிக்கிறாள். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த மஞ்சள் சட்டையோடு கடலில் காலை நனைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் காட்டிய பக்கம் வானத்தில் ஒரு சிவப்புப் பாராசூட் மிதந்துகொண்டிருந்தது. கடலில் ஒரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. பாராசூட்டுக்கு அடியில், கால்களைத் தொங்கப்போட்டபடி யாரோ ஒரு பெண்.

ரமணி கரண்டியைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அப்படி ஒரு தரம், ஒரே ஒரு தரம், தரையை விட்டு எழும்ப வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"அதெல்லாம் அப்புறம்" என்று திவாகர் எழுந்தான். "மொதல்ல ஜெட் ஸ்கி. அப்பா ஓட்டுறேன், பாப்பா பின்னால உக்காரு. நம்ம தோட்டத்துல எவனும் பார்த்திருக்க மாட்டான் அந்த ஸ்பீட."

"அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க."

"நான் இருக்கேன்ல?"

அவன் நின்ற நிலையிலேயே லேசாக ஆடினான். லோஷினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். எதற்கும் முதலில் அம்மா முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணனும் தம்பியும் ஜெட் ஸ்கி வாடகைக்கு விடும் இடத்துக்குப் போனார்கள். ஹஸ்னி என்று ஒரு மலாய்க்காரர் அங்கே இருந்தார். வெயிலில் கறுத்து, உப்புப் பூத்த முகம். திவாகர் வாயைத் திறந்ததுமே அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"மாபோக், பாங். தாக் போலே." குடித்திருக்கிறீர்கள் அண்ணே, தர முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தண்ணீர் குடியுங்கள், தூங்கி எழுந்து சாயங்காலம் வாருங்கள் என்றுகூடச் சொன்னார்.

காளிதாசன் மணலை உதைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "நம்மள பார்த்தா மட்டும் இவனுங்களுக்குக் குடிகாரன்னு தோணும்! வெள்ளைக்காரன் வந்து கேட்டா குடுத்திருப்பான்."

அது பொய். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்த வாடையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் தவறு செய்கிறவனுக்கு அவமானப்பட்டவன் வேஷம் போட எவ்வளவு நேரம் ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டார்கள்.

காளிதாசன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார்: "ரமணி, உன் ஐசி எங்க?"

"எதுக்கு மாமா?"

"நீ போய் உன் பேர்ல எடு. நீதான் குடிக்கலயே. உனக்குக் குடுத்துடுவான். லோஷினிய பின்னால ஏத்திக்க, சந்தேகம் வராது. மெதுவா ஓட்டிக்கிட்டு அந்தப் பாறைக்கு அந்தாண்ட வந்துடு. அங்க நாங்க ஏறிக்கிறோம். அவனுக்குத் தெரியவே தெரியாது."

"எனக்கு அத ஓட்டத் தெரியாது."

"மோட்டார் சைக்கிள்ல சுங்கை பட்டாணி வரைக்கும் வேலைக்குப் போற. இது தெரியாதா?"

"வேணாங்க" என்றாள் ரமணி, புருஷனைப் பார்த்து. "அந்த ஆளு காரணத்தோடதானே தர மாட்டேன்னாரு."

திவாகரின் முகம் இறுகியது. அந்த இறுக்கம் ரமணிக்குத் தெரியும். மாலாவுக்கும் தெரியும். மாலா அவள் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள்: "எடுத்துக் குடுத்துடு ரமணி. இல்லேன்னா ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இதையே சொல்லிக் குத்திக் காட்டுவாங்க. நாமதானே அனுபவிக்கணும்."

திவாகர் உடனே குரலை இறக்கினான். "சரிலா, நீயும் பாராசூட்ல போ. போதுமா? மேல பார்த்துக்கிட்டே இருந்தியே, நான் கவனிக்கலன்னு நெனச்சியா? நான் ஏற்பாடு பண்றேன்."

இதை மூடி மறைக்க வேண்டாம். ரமணி பயத்துக்கு மட்டும் தலையாட்டவில்லை, ஆசைக்கும் சேர்த்துத்தான் தலையாட்டினாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று, துணி துவைத்து, கால் வீங்கிப் படுக்கிற பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் வானத்தில் இருக்கலாம் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? அந்த ஆசையில் தப்பே இல்லை. அதை அவளுக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்பதில்தான் தப்பு இருந்தது.

ஹஸ்னி அவளுடைய ஐசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லோஷினியைப் பார்த்தார். "காக், நீங்கதான் ஓட்டுறீங்களா? வேற யாரும் இல்லையே?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா.

"இல்லை. நானும் மகளும்தான்."

பொய் சுலபமாக வந்தது. அவர் இரண்டு மிதவைச் சட்டைகளை எடுத்து, இருவருக்கும் தன் கையாலேயே வாரை இறுக்கி மாட்டினார். சாவிக் கயிற்றை ரமணியின் மணிக்கட்டில் கட்டி, விழுந்தால் இது பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். குளிக்கிறவர்கள் பக்கம் போகக் கூடாது, சட்டென்று திருப்பக் கூடாது என்றார். சொந்த அக்காவுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

ரமணி கைப்பிடியைத் திருகினாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளிக் கிளம்பியது. முதலில் மூச்சே நின்றுவிட்டது. பிறகு உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்து, பின்னால் லோஷினி "அம்மா! சூப்பர்மா! இன்னும் வேகமா!" என்று கத்தியபோது அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத சிரிப்பு. அப்படியே நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஆனால் பாறை வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"இறங்கு இறங்கு" என்று அவசரப்படுத்தினான் திவாகர். அவளுடைய மிதவைச் சட்டையை அவன் வாங்கி மாட்டினான். லோஷினியின் சட்டையைக் காளிதாசன் கழற்றினார். அது அவருடைய தொப்பையைச் சுற்றி வரவில்லை. வாரைப் பூட்டாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டார்.

ரமணி மகளின் கையைப் பிடித்து மாலாவின் கையில் கொடுத்தாள். "அக்கா, இவள தண்ணிகிட்ட விட்டுடாதீங்க."

"நான் பார்த்துக்கிறேன். நீ போ. ஆசைப்பட்டியே, போ."

பாராசூட் ஆட்கள் அவள் இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளைக் கட்டினார்கள். சிவப்புத் துணி கட்டிய கயிறு ஒன்றைக் காட்டி, கரையிலிருந்து கொடி அசைக்கும்போது இதை இழுத்தால் இறங்கிவிடலாம் என்றார்கள். "லாரி, லாரி!" என்று, ஓடச் சொல்லி மலாயில் கத்தினார்கள். ஓடினாள். படகு இழுத்தது. மூன்றாவது எட்டு வைக்கக் காலடியில் மணல் இல்லை.

மேலே போனதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. காற்று மட்டும்தான். கடல் கரையோரம் பச்சையாகவும், உள்ளே போகப் போக நீலமாகவும் கிடந்தது. மரங்களுக்கு அப்பால் வயலும் மலையும் தெரிந்தன. காலை ஆட்டிப் பார்த்தாள். வலியே இல்லை. 'லோஷினியையும் ஒரு தரம் ஏற்ற வேண்டும்' என்று நினைத்துக்கொண்டே கீழே குனிந்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் ஜெட் ஸ்கி நுரையைக் கிழித்துக்கொண்டு வட்டமடித்தது. இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு மஞ்சள்.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தினாள். "இறக்கிவிடுங்க! அவள இறக்கிவிடுங்க! அவளுக்கு மிதவைச் சட்டை இல்ல!" காற்று அந்தக் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. கரையில் மாலா கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதுகூடத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. ஒன்றையும் தடுக்க முடியவில்லை. கயிற்றில் தொங்கும் பொம்மை மாதிரி அவளை அந்தப் படகு தன் போக்கில் இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

ஜெட் ஸ்கி சட்டென்று திரும்பியது. வெள்ளை நுரை ஒரு சுவர்போல எழுந்தது. அது அடங்கியபோது வண்டி தனியாக மிதந்தது. இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தண்ணீரில் இருந்தன.

மஞ்சளைக் காணவில்லை.

அந்த நேரத்தில் ரமணி எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. பாறையின் இந்தப் பக்கமிருந்து வேறொரு ஜெட் ஸ்கி அம்பாகப் பாய்ந்து வருவதைப் பார்த்தாள். ஹஸ்னி. இரைச்சலில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வண்டியை நிறுத்தாமலே தண்ணீரில் குதித்தார். முழுகினார். மேலே வந்தார். மறுபடி முழுகினார். அடுத்து அவர் எழுந்தபோது அவர் கையில் மஞ்சளாக ஏதோ தொங்கியது.

கரையில் கொடி அசைந்ததையே அவள் பார்க்கவில்லை. கீழே எல்லோரும் கத்திய பிறகுதான் கயிற்றை இழுத்தாள். முழங்கால் மணலில் மோத விழுந்து, ஆட்கள் பாராசூட்டை விடுவித்ததும், பட்டைகளை அவிழ்க்கக்கூட நிற்காமல், அவை பின்னால் இழுபட ஓடினாள்.

லோஷினியை மணலில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஹஸ்னி அவள் முதுகில் தட்ட, வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கடல் கொட்டியது. பிறகு ஓர் இருமல். பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டுத்தான் ரமணிக்கு மூச்சு திரும்பியது. பிள்ளையின் இடது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் வளைந்திருந்தது.

ஹஸ்னி எழுந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "காக், நான் உங்ககிட்ட கேட்டேன்ல? வேற யாரும் இல்லையேன்னு கேட்டேன்ல?" முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரை வழித்தார். "போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்லியாச்சு."

ரமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. காளிதாசன் மூச்சிரைக்க வந்து அவள் தோளருகே குனிந்தார். "ரமணி, நல்லா கேட்டுக்க. போலீஸ் வருது. நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேர்லதானே எடுத்தோம். நீ குடிக்கல. ஊதச் சொன்னாலும் ஒன்னும் காட்டாது. அலை அடிச்சுக் கவுந்துடுச்சுன்னு சொன்னா முடிஞ்சிரும்."

"நான் மேல இருந்தேன் மாமா."

"மேல இருந்தது நீதான்னு யாருக்குத் தெரியும்? இத்தன பேருல யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன். எல்லாத்தையும் மேலருந்து நான் பார்த்தேன்."

"புரியாம பேசாத! திவாவுக்கு லைசன் போயிடும். லாரி போயிடும். அப்புறம் வீட்டுல எல்லாரும் என்னத்த திம்பீங்க?"

ரமணி புருஷனைத் தேடினாள். அவன் சற்றுத் தள்ளி, ஈரம் சொட்டச் சொட்ட, மிதவைச் சட்டையோடு நின்றான். மகளின் சட்டையைத் தன் அண்ணன் போட்டிருக்க, மகள் தண்ணீருக்குள் போனதைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளையின் தலையை வந்து தொடக்கூட இல்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள் ரமணி. "அவரு சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

திவாகர் மணலைப் பார்த்தான். "அண்ணன் சொல்றபடியே சொல்லிடேன் ரமணி. எல்லாருக்கும் அதான் நல்லது."

ரமணிக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. இத்தனை வருடம் சாதுவாகச் சுருண்டு கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

மாலா அவளருகே மணலில் உட்கார்ந்து, அழுதுகொண்டே ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "ஒன்னும் ஆவாதும்மா. பாலிங் ரோட்டுல இவரு காரால அந்த மோட்டார்க்காரர இடிச்சப்ப, நானும் இப்படித்தான் நான் ஓட்டினேன்னு சொன்னேன். கொஞ்ச நாள் அலைச்சல், அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு."

"யாருக்கு முடிஞ்சு போச்சு? அந்த மோட்டார்க்காரருக்கு என்னா ஆச்சு அக்கா?"

மாலா மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

"கேக்குறேன்ல? என்னா ஆச்சு?"

"காலத் தாங்கித்தான் நடக்குறாரு. சந்தையில பார்த்தா நான் மூஞ்சிய திருப்பிக்குவேன்."

"அன்னைக்கு நீங்க உண்மைய சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கு என் புள்ள கடலுக்கு அடியில போயிருக்க மாட்டா" என்றாள் ரமணி. "இன்னைக்கு நான் பொய் சொன்னா, அடுத்தது யாரு வீட்டுப் புள்ள அக்கா?"

மாலாவின் அழுகை சட்டென்று நின்றது. கன்னத்தில் அறை வாங்கினவளைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ்காரர் இருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஹஸ்னி ரமணியைக் கைகாட்டினார். மூத்தவர் குனிந்து கேட்டார்: "காக், சியாபா பாவா?" யார் ஓட்டியது?

காளிதாசன் முந்திக்கொண்டு, "டியா, டியா", இவள்தான் இவள்தான் என்று ரமணியைக் காட்டினார்.

ரமணி எழுந்து நின்றாள். இடுப்புப் பட்டை இன்னும் அவள் மேல் தொங்கியது. விரலை நீட்டித் திவாகரைக் காட்டினாள்.

"சுவாமி சாயா. டியா மாபோக்." என் புருஷன்தான் ஓட்டினார். அவர் குடித்திருக்கிறார். உடைந்த மலாயில், ஆனால் உடையாத குரலில் மற்றதையும் சொன்னாள். இந்த மனிதர் அவருக்குத் தர மறுத்தார். நான்தான் பொய் சொல்லி என் பேரில் எடுத்துக் கொடுத்தேன். என் மேலும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹஸ்னியைப் பார்த்துக் கைகூப்பினாள். "மாஃப், பாங்." மன்னித்துவிடுங்கள் அண்ணே. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அடிப்பாவி!" என்று கத்தினார் காளிதாசன். "புருஷன புடிச்சுக் குடுக்குறியே, நீயெல்லாம் பொம்பளையா? நாளைக்கு எங்க வீட்டு வாசப்படி மிதிச்சிடுவியா நீ?"

"உங்க வாசப்படிய நீங்களே வச்சுக்குங்க மாமா. மொதல்ல என் புள்ள சட்டைய கழட்டிக் குடுங்க."

அப்போதுதான் கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. தொப்பையின் இருபுறமும் பூட்டாத வாரோடு தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்ன மிதவைச் சட்டையைப் பார்த்தது. காளிதாசன் அதை அவசரமாக உருவப் பார்த்தார். ஈரத்தில் அது தோளில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போலீஸ்காரர் திவாகரை அழைத்துக்கொண்டு நடந்தார். அவன் போகிற போக்கில் மகளைத் திரும்பிப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது. ஆனால் அழுகைக்கு அது நேரமில்லை. அழ வேண்டிய நேரத்தில் அவன் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் மணலோரம் வந்து நின்றது. லோஷினியைத் தூக்கிப் படுக்கையில் வைத்தார்கள். மாலா எழுந்து, பாவாடையில் மணலைத் தட்டிவிட்டு, ஆம்புலன்ஸ் பக்கம் நடந்தாள்.

"எங்கடி போற?" என்றார் காளிதாசன், சட்டைக்குள் தலை சிக்கினபடியே.

"புள்ளகூட போறேன். நான்தான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். நீங்க வண்டியில உக்கார வைக்கச் சொன்னதும் வச்சுட்டேன்." அவள் நின்று திரும்பினாள். "அந்தப் போலீஸ்காரர்கிட்ட பாலிங் ரோட்டு விஷயத்தையும் சொல்லப் போறேன்."

காளிதாசனின் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

பக்கத்து மரத்தடியில் ஜித்ராவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் தன் கணவரிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்ன இருந்தாலும் தாலி கட்டினவர காட்டிக் குடுக்கலாமா? வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்க வேண்டியதுதானே."

ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த ரமணி திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்புதான் இருந்தது.

"வீட்டுக்குள்ளதான் இத்தன வருஷமா பேசி முடிச்சோம்ங்க. அக்கா பேசி முடிச்சாங்க, ஒரு மனுசன் கால் போச்சு. நான் பேசி முடிச்சேன், என் புள்ள தண்ணிக்குள்ள போயிட்டா. குடிச்சது அவரு. ஆனா அவருக்கு வண்டி எடுத்துக் குடுத்தது நான். போத்தல தூக்கிச் சுமந்தது நான். வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான். அவரு உள்ள போனா தெளிஞ்சு வெளிய வருவாரு. அந்த மலாய்க்காரரு ஒரு நிமிசம் பிந்தியிருந்தா என் புள்ள வந்திருப்பாளா? சொல்லுங்க, வந்திருப்பாளா?"

ரமணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"குடிச்சவன் கையில வண்டிய குடுக்காதீங்க. குடுத்துட்டு அவனுக்காகப் பொய்யும் சொல்லாதீங்க. புருஷனா இருந்தாலும் சரி, பெத்த மகனா இருந்தாலும் சரி. நாம ஒவ்வொரு தடவை மறைக்கிறப்பவும் அவன காப்பாத்தல, அடுத்தவங்க உசுரத் தூக்கி அவன் கையில குடுக்குறோம்!"

கதவு சாத்திக்கொண்டது. ஆம்புலன்ஸ் மணலை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பிப் போனது.

கூட்டம் கலைந்தது. ஜித்ராக்காரர் அசட்டுச் சிரிப்போடு தன் நாற்காலிக்குத் திரும்பினார். பாதி தீர்ந்த டின் ஒன்று அவர் கையில் இருந்தது. அந்த அம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீரோரம் மண்வீடு கட்டிக்கொண்டிருந்த தன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு கணவரின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"வேன் சாவிய குடுங்க."

"என்னம்மா நீ, நான் என்ன அந்த ஆளு மாதிரியா? ரெண்டே ரெண்டு டின்லா" என்று அவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். நீட்டிய கையை மடக்கவில்லை. "குடுங்க."